கண்ணாடி அக்கா

இடது லென்ஸைப் போட்ட பிறகும் இடது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. குழாய், சோப்பு டப்பா, குளியலறைச் சுவரோடு சுவராகப் பதித்திருந்த பெரிய கண்ணாடி, அதற்குள் நின்ற அவள் முகம், எல்லாம் நனைந்த காகிதத்தில் எழுதிய எழுத்துபோலக் கலைந்து கிடந்தன. இமைத்தாள், கண்ணை உருட்டினாள், மேல் இமையை இழுத்து விட்டாள். அப்படியேதான் இருந்தது. சரியென்று வலது லென்ஸையும் போட்டதும் நெற்றிக்குள் யாரோ திருப்புளியை வைத்துத் திருகியது போல விண்ணென்று தெறித்தது. இடமும் வலமும் மாறியிருந்தன.

மற்றவர்களுக்கு மாறலாம். அவளுக்கு மாறாது. இடது கண்ணுக்கு ஏகப்பட்ட பவர், வலதுக்கு அதில் பாதிகூட இல்லை. மாற்றிப் போட்டால் பொழுது விடிந்ததும் தலைவலிதான் என்று தெரிந்தவள். லென்ஸ் வாங்கிய அன்றே கண்ணாடிக் கடைக்காரி சொல்லிக் கொடுத்தது: போடும்போதும் இடது முதலில், கழற்றும்போதும் இடது முதலில், டப்பாவில் பச்சை மூடிதான் இடது. கை தானாகச் செய்யும் வேலை அது. தூக்கக் கலக்கத்தில்கூடத் தவறியதில்லை.

கண் விஷயத்தில் அவள் விளையாடுவதில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துக் கறை பார்த்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட காலத்தில், இயந்திரத்தின் மூடியைத் தூக்கும்போதெல்லாம் நீராவி அடித்துக் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்ளும். அப்படி மூடிய ஒரு நொடியில் வாங்கியதுதான் முன்னங்கையில் நீளமாக ஓடும் சூட்டுத் தழும்பு. அன்றைக்கே லென்ஸுக்கு மாறினாள். கடுகளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவதால் கூடத்தில் அவளுக்குப் பெயர் கழுகு. பாதிக் குருடியைக் கழுகு என்கிறார்களே என்று அவளுக்கே சிரிப்பு வரும்.

வீட்டில் இருப்பது அவளும் மகளும் மட்டும். கணவனுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. கரை சேர்ந்தால் போன் வரும். இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து அதிக நாளாகவில்லை.

"ஏய் முட்டைக்கண்ணி, அம்மா லென்ஸ் டப்பாவைத் தொட்டியா?"

"எனக்கு எட்டாதேம்மா," என்றாள் மகள், பால் மீசையோடு. உண்மைதான். ஸ்டூல் போட்டாலும் அந்த அலமாரி அவளுக்கு எட்டாது. பிறந்ததிலிருந்தே முகத்தில் பாதி கண்ணாக இருந்ததால் அப்பா வைத்த பட்டப்பெயர் முட்டைக்கண்ணி. இடது கருவிழியின் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம். பொய் சொன்னால் அந்தக் கண்கள் இன்னும் விரியும். இப்போது விரியவில்லை.

மறுநாளும் மாறியிருந்தது. இந்த முறை அவள் போட்டுக்கொள்ளவில்லை. லென்ஸை விரல் நுனியில் வைத்து, கறை பார்க்கிற கண்ணால், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விளிம்பில் நூல் மாதிரி ஏதோ வழவழப்பு. முகர்ந்தாள். வாளியில் ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை. அந்த வாடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை முறை அலசினாலும் போகாது.

"கண்ணாடி அக்காவைக் கேளும்மா," என்றாள் மகள், ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே. "ராத்திரி அவங்கதான் வந்திருந்தாங்க."

"யாரு, கண்ணாடி அக்காவா? எதுக்காம்?"

"சும்மா. என்னைப் பார்க்க. முன்னல்லாம் தடவித் தடவித்தான் பார்ப்பாங்க. இப்போ நல்லாத் தெரியுதாம். கிட்ட வந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரியை மகள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். போகும்போதெல்லாம் அவள் ஒரு பலூன் தருவாள். பலூன் தருகிறவள் கனவில் வருவது பெரிய அதிசயமா? அந்தச் சிரிப்போடுதான் அவள் வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரி லென்ஸை விளக்கின் கீழே வைத்துப் பார்த்து, கழுவி, உதட்டைப் பிதுக்கினாள்.

"லென்ஸ்ல ஒண்ணும் இல்லையே. நீதான் மாத்தி வெச்சிருப்பே."

"நானா? நான் மாத்த மாட்டேன் அக்கா."

"அட, கண்ணாடி முன்னாடி நின்னு போடறோம்ல, எல்லாருக்கும் ஒருநாள் குழம்பும். கண்ணாடிக்குள்ள இருக்கறவளுக்கு உன் இடதுதான் வலது. அவ எடுத்துப் போட்டுட்டுத் திருப்பி வெச்சிருப்பா, போ." சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். மகளுக்கு ஒரு சிவப்பு பலூனைக் கொடுத்தாள்.

தெருவுக்கு வந்ததும் அவள் மகளிடம் கேட்டாள். "உன் கனவுல வந்த கண்ணாடி அக்காகிட்ட ஏன் ஒண்ணும் பேசாமலே வந்துட்டே?"

மகள் நின்றாள். அம்மா ஏதோ அசட்டுத்தனமாகப் பேசிவிட்டது போலப் பார்த்தாள். "இவங்க இல்லம்மா. இவங்க கண்ணாடிக் கடை அக்கா. நான் சொன்னது கண்ணாடி அக்கா. நம்ம கண்ணாடி. பாத்ரூம்ல இருக்காங்களே."

பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உள்ளங்கால் மட்டும் சில்லிட்டது. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்கே திரும்பினாள். பயம் வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும். எப்போதும் கோபம்தான் முந்திக்கொள்ளும். தான் காசு கொடுத்து வாங்கிய பார்வையில் எவளோ ஓசியில் ஊர் பார்க்கிறாள். அதுவும் பெற்ற பிள்ளையைப் பார்க்கிறாள்.

"அக்கா, தூங்கும்போதும் கழட்டாம போட்டுக்கற லென்ஸ் இருக்காமே?"

"இருக்கு. ஆனா எல்லார் கண்ணும் தாங்காது." கடைக்காரி சிரிப்பை விட்டுவிட்டுத் தொழில் முகத்துக்கு வந்தாள். இமையைத் தூக்கிப் பார்த்து, அளவெடுத்து, புது லென்ஸ் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு விரலை நீட்டினாள். "கண்ணுக்கும் மூச்சு வேணும், ஞாபகம் வெச்சுக்கோ. படுக்கறதுக்கு முன்னாடி சொட்டு மருந்து, எழுந்ததும் சொட்டு மருந்து. குழாய்த் தண்ணி லென்ஸ்ல படவே கூடாது. கை ஈரத்தோட தொடக்கூடாது. நேத்து ஊத்தின சொல்யூஷன்லயே இன்னைக்கும் ஊற வைக்கக்கூடாது. கண்ணு சிவந்தாலோ, வலிச்சாலோ, மங்கினாலோ அந்த நிமிஷமே கழட்டிடணும். வாரத்துல ஒரு ராத்திரி கண்ணுக்கு லீவு."

"அந்த ஒரு ராத்திரி?"

"வெறுங்கண்ணோட தூங்கு. என்ன வந்துடப் போகுது?"

அன்று இரவு பழைய லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு, புது லென்ஸோடு படுத்தாள். விளக்கை அணைத்த பிறகும் கூரையின் விரிசல், மின்விசிறியின் தூசி விளிம்பு, ஜன்னல் கம்பியின் நிழல் எல்லாம் தெளிவாகத் தெரிந்ததில் ஒரு திருப்தி இருந்தது. தெரு அடங்கி, கீழ்வீட்டுத் தொலைக்காட்சி அடங்கி, குழாய் சொட்டுவது மட்டும் மிஞ்சிய நேரத்தில், குளியலறையில் லென்ஸ் டப்பாவின் மூடி திருகும் சத்தம் கேட்டது. சின்ன சத்தம்தான். பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் உராயும் கிறுகிறுப்பு, முதலில் ஒரு மூடி, பிறகு இன்னொன்று. அப்புறம் ஈர விரல் ஒன்று காலிக் குழிக்குள் சுற்றிச் சுற்றித் துழாவும் சத்தம். சீப்பு விழுந்தது. பல் துலக்கும் பிரஷ் விழுந்தது. ஒரு உள்ளங்கை அலமாரி நெடுக, பிறகு சுவர் நெடுக, தட்டித் தட்டித் தேடியது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இருட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"தேடு, நல்லாத் தேடு! கிடைக்காது!"

தட்டல் நின்றது. விடியும்வரை ஒரு சத்தமும் இல்லை. காலையில் மூடிகள் இரண்டும் திறந்து, பச்சை இருக்கும் இடத்தில் வெள்ளையும் வெள்ளை இருக்கும் இடத்தில் பச்சையுமாக வைக்கப்பட்டிருந்தன.

மறுநாள் சலவைக்கூடத்திலிருந்து, கழித்துப் போட்ட பழைய விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கண்ணாடியை மூடி, நான்கு மூலையிலும் ஆணி அடித்தாள். காலையில் விரிப்பு தரையில் இருந்தது. மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் மடிக்கிற மடிப்பேதான், ஓரத்துக்கு ஓரம் பிசகாமல். ஆனால் அவள் வலமிருந்து இடமாக மடிப்பாள். இது இடமிருந்து வலமாக இருந்தது. ஆணிகள் அதன் மேல் வரிசையாகக் கிடந்தன.

சலவைக்கூடத்தில் சேர்ந்து மடிக்கிறவளிடம் மட்டும் சொன்னாள். கேட்டவள் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே போட்டுவிட்டாள். "முதல்ல வீட்டைக் காலி பண்ணு. குழந்தையை வெச்சுக்கிட்டு என்ன வீம்பு?"

"நான் ஏன் போகணும்? வாடகை நான் குடுக்கறேன். அது குடுக்குதா?"

"அப்ப அந்தக் கண்ணாடியையாவது உடைச்சுத் தொலை."

அதை அவளும் யோசித்திருந்தாள். ஆணி அடித்த சுத்தியல் இன்னும் குளியலறை வாளிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. ஆனால் ஒரு கண்ணாடியை உடைத்தால் ஒரு வாளிக் கண்ணாடி. எந்தச் சில்லுக்குள் அது இருக்கிறது என்று யார் பொறுக்கிப் பார்ப்பது? ஒரே இடத்தில் இருக்கிற வரைக்கும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கலாம் என்று பட்டது.

"அக்கா அழறாங்கம்மா," என்றாள் மகள் இன்னொரு நாள் காலையில். "ஒண்ணுமே தெரியலையாம். என் முகத்தைத் தடவிப் பார்த்தாங்க. உன் கண்ணு எவ்வளவு நல்ல கண்ணுன்னு சொன்னாங்க. லென்ஸே வேண்டாத கண்ணாம்."

மகளின் கன்னத்தில் முகத்தை வைத்தாள். ஊறிய துணியின் வாடை. சோப்புப் போட்டுக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். போகவில்லை. அன்று முதல் மகளைத் தன் கட்டிலிலேயே, சுவர்ப் பக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

கண்ணுக்கு லீவு விட வேண்டிய ராத்திரி வந்தது. அவள் விடவில்லை. லீவு விட்டால் லென்ஸ் டப்பாவுக்குள் போகும், டப்பாவுக்குள் போனால் அதன் கண்ணுக்குள் போகும். அடுத்த ராத்திரியும் விடவில்லை. முதலில் மணல் விழுந்தது போல ஒரு உறுத்தல். பிறகு சிவப்பு. பிறகு சலவைக்கூடத்தின் குழல்விளக்கு ஊசியாகக் குத்த, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மடித்தாள். ஒரு விரிப்பில் இருந்த கறையை அவள் தவறவிட்டாள். பக்கத்திலிருந்தவள் அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் எடுத்துத் தனியே போட்டாள். கழுகுக்கு அழுகை முட்டியது.

கடைக்காரி இமையைத் தூக்கியதுமே கையை எடுத்துவிட்டாள். "அடிப்பாவி. கருவிழியில வெள்ளைப் புள்ளி. எத்தனை தடவை சொன்னேன்? இப்பவே டாக்டர்கிட்ட ஓடு. இன்னும் ஒரு ராத்திரி இதோட தூங்கினே, இந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான்."

டாக்டரும் அதையேதான், இன்னும் கடுமையாகச் சொன்னார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். குணமாகும்வரை லென்ஸைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது.

பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், கழற்றிய லென்ஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டியின் முன் நின்றாள். தூக்கிப் போடலாம். போட்டால் அது மறுபடி தடவிக்கொண்டு வரும். மகளின் முகத்தைத் தடவும். ஒவ்வொரு ராத்திரியும். என் வீட்டில், என் பிள்ளையை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒளித்து வைத்து ஒளித்து வைத்துத் தான்தான் திருடி மாதிரி நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் வாய்விட்டே சிரித்தாள்.

உனக்கு லென்ஸ்தானே வேண்டும்? இந்தா.

கையைக் கழுவவில்லை. பழுத்த கண்ணிலிருந்து வந்த லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் முக்கினாள். மற்றதையும் முக்கினாள். வாளியில் ஊறிக்கொண்டிருந்த அழுக்குத் துணிகளைப் பிழிந்து, அந்தத் தண்ணீரை டப்பாவின் இரண்டு குழியிலும் ஊற்றினாள். அதன் மேல் என்றைக்கோ மிச்சம் வைத்த பழைய சொல்யூஷனில் நாலு சொட்டு. கடைக்காரி எதையெல்லாம் செய்யாதே என்றாளோ அதையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். கடைசியில், வெள்ளை மூடிக்குள் இடது லென்ஸையும் பச்சை மூடிக்குள் வலது லென்ஸையும் வைத்தாள்.

"உனக்குச் சரியா இருக்கட்டும்னு மாத்தியே வெச்சிருக்கேன்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "வா ராணி. வந்து போட்டுக்கோ."

கண்ணாடியில் அவள் முகம்தான் இருந்தது. ஒரு கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டு.

படுக்கும்முன் சொட்டு மருந்துக்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். மருந்து எரிந்தது. அறை முழுதும் பழகிய மங்கலாகிவிட்டது. கதவு ஒரு சாம்பல் நிறப் பட்டை, அலமாரி ஒரு கறுப்புப் பட்டை. மகள் மூச்சு சீராக இருந்தது. அவள் காத்திருந்தாள்.

மூடி திருகியது.

இன்னொரு மூடி.

பிறகு தட்டல் இல்லை, தடவல் இல்லை. நடை. வழி தெரிந்தவளின் நடை, ஈரப் பாதம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற நடை. வீட்டுக் கூடத்தைத் தாண்டியது. வாடை முன்னால் வந்தது. சாம்பல் பட்டைக்குள் உயரமாக ஏதோ வந்து நின்றது. அவளுக்கு அதன் தலையும் தெரியவில்லை, தோளும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக்காகக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

தேவைப்படவில்லை.

எல்லாம் மங்கல். அந்த இரண்டு கண்கள் மட்டும் தெளிவு. ஒவ்வொரு இமைமுடியும் தெரியும்படி, வெள்ளையில் ஓடும் ஒவ்வொரு நரம்பும் தெரியும்படி, அவள் பவருக்கு அளவாக. அவை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம், சுவரோரம் தூங்குகிறவளைப் பார்த்தன.

அவள் மகளின் மேல் கையைப் போட்டு மறைத்தாள். நகரவில்லை.

கண்கள் இமைத்தன. மறுபடி இமைத்தன. நீர் கோத்தது. உயரத்திலிருந்து இரண்டு கைகள் எழுந்து அவற்றைக் கசக்கின. ஈரமாக, அழுத்தி, மேலும் மேலும். நாய்க்குட்டி முனகுவது போல ஒரு மெல்லிய சத்தம். அந்தத் தெளிவு சிவந்து, வெளுத்து, பால் போலாகி, மற்ற மங்கலோடு கலந்துபோனது. அது திரும்பியது. கதவில் இடித்தது. சுவரில் இடித்தது. கூடத்தில் நாற்காலி சாய்ந்தது.

"எரியுதா?" அவள் கட்டிலில் எழுந்து நின்று கத்தினாள். "நல்லா எரியட்டும்! இது என் வீடு! என் பொண்ணு! இனிமே இந்தப் பக்கம் வந்தே, இருக்கற கண்ணையும் நோண்டி எடுத்துடுவேன்!"

குழாய் சொட்டியது. அவ்வளவுதான். சிரித்தாள், அழுதாள், மகளின் தலையைத் தடவினாள். அத்தனை நாள் விட்டுப்போன தூக்கம் எல்லாம் சேர்ந்து அவள் மேல் வந்து விழுந்தது. எப்போது படுத்தாள் என்றே தெரியாமல் தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெயில் கட்டில்மேல் கிடந்தது. இடது கண்ணில் வலி குறைந்திருந்தது. மகள் எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

"அம்மா, ஏன் இன்னும் விடியலை?"

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள். மகளின் கண்கள் திறந்தே இருந்தன. பெரிதாக. வெயிலுக்குச் சுருங்காமல். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். இமைக்கவில்லை. குனிந்து பார்த்தாள். எதிரே அவ்வளவு பெரிய ஜன்னல். அந்தக் கண்களில் ஜன்னலின் பிம்பம் விழவில்லை. அவள் முகமும் விழவில்லை.

"லைட்டைப் போடும்மா."

"குட்டி." குரல் அவளுடையதாக இல்லை. "ராத்திரி யாராவது வந்தாங்களா?"

"கண்ணாடி அக்கா. நீ தூங்கிட்டே. அவங்களுக்குக் கண்ணு ரொம்ப எரியுதாம். அழுதாங்க. உன்னோடதைக் கொஞ்சம் குடேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பாவம்மா. குடுத்துட்டேன்."

குளியலறைக்கு ஓடினாள். சாய்ந்து கிடந்த நாற்காலியில் முழங்கால் இடித்தது. லென்ஸ் டப்பா தரையில் கிடந்தது. அதற்கு இனி வேலை இல்லை. வாளிக்குப் பக்கத்தில் சுத்தியல். எடுத்தாள். ஒரு வாளிச் சில்லானாலும் சரி, நூறு வாளியானாலும் சரி. தலைக்கு மேல் ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கண்ணாடியில் ஒருத்தி சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தாள். அவள் நைட்டி, அவள் தழும்பு, அவள் மூக்குக்கண்ணாடி. அந்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முட்டைக்கண்கள். மை போட்டது போன்ற அந்த இமைகள், இடது கருவிழியின் ஓரத்தில் அந்தச் சின்ன மச்சம். இப்போது வலது பக்கமாக. சுத்தியலைக் கண்டதும், அம்மா கை ஓங்கினால் விரியுமே, அப்படியே அவை விரிந்தன.

அடித்தால் அந்தக் கண்களில்தான் அடிக்க வேண்டும்.

"திருப்பிக் குடு," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய. "என்னோடதை எடுத்துக்கோ. ரெண்டையும் எடுத்துக்கோ. அவளோடதைக் குடு."

கண்ணாடிக்குள் இருந்த வாயும் அதையேதான் சொன்னது. கண்கள் மட்டும் சொல்லவில்லை.

அவள் சுத்தியலைக் கீழே இறக்கவில்லை. கை கடுத்தது. இறக்கவில்லை. புண்ணான கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்ட, இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அந்தக் கண்கள் அவளை விட்டுவிட்டு, அவள் தோளுக்குப் பின்னால் நகர்ந்தன. எதையோ பார்த்தன. ஆசையாக, விரிய விரியப் பார்த்தன.

பின்னால், கூடத்துச் சுவரைத் தட்டித் தட்டி, தடவித் தடவி, மகள் வந்துகொண்டிருந்தாள்.